இரண்டு கோட் கொரியா

டப்பாவை எந்தப் பக்கம் திறப்பது என்றே மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை. காலமெல்லாம் பெயின்ட் டப்பா திறந்த கை அது. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து நெம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே கட்டைவிரலால் ஓரத்தை ஓர் அழுத்து அழுத்தினார். டப்பா டக்கென்று வாயைப் பிளந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் அவருடைய இடது கன்னம், கத்திரிக்காய் நிறத்தில்.

மருமகள் வேலை முடிந்து வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறவள். யாருக்கு எந்தக் கண்ணில் என்ன குறை என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள், மாமனார் கன்னம் கன்றிப்போய்க் கிடப்பதைப் பார்க்காமலா விடுவாள்?

பார்த்தால் ஏணி போய்விடும். அதுதான் விஷயம்.

மேஸ்திரி என்பது தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிற பெயர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். முட்டி தேய்ந்து, வேலையை விட்டு, மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது அவருடைய துணிமணி எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. தனியாக வண்டி பிடித்து வந்தது அந்த இரும்பு ஏணி மட்டும்தான். பின்கதவு ஓரமாக அதை மடக்கிச் சாய்த்து வைத்திருந்தார். அவ்வப்போது கீலுக்கு எண்ணெய் விடுவார். ஏணி இருக்கிறவரை அவர் பெயின்டர். ஏணி போய்விட்டால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற கிழவன். இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள்.

முன்பு ஒருநாள் மின்விசிறியைத் துடைக்க ஏறி, உச்சியில் தலை சுற்றி, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் நின்றதை மருமகள் பார்த்துவிட்டாள். இறங்குகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும்தான் பேசினாள்.

"இன்னொரு தடவை இதுல ஏறுனீங்கன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடுவேன் மாமா. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"ஏறமாட்டேன்மா."

"சத்தியமா?"

"தொழில் மேல சத்தியம்."

"அதெல்லாம் வேணாம். சாதா சத்தியமே பண்ணுங்க."

பண்ணினார். மகனும் பக்கத்தில்தான் இருந்தான். அப்பா பக்கமா, மனைவி பக்கமா என்று பிரச்சினை வந்தால் அவன் எப்போதும் சாப்பாட்டுத் தட்டின் பக்கம்.

அந்தச் சத்தியத்தை மேஸ்திரி ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தார். கெடுத்தது சமையலறைச் சுவர்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் இரண்டு மாறுதல்கள் நடந்திருந்தன. அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டிப் படிந்திருந்த புகைக்கறையின் மேல் யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள். அதுவரை பவுடர்கூடப் போடாத மருமகள், விடிந்ததும் ஒரு டப்பாவைத் திறந்துவைத்து முகத்தில் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

முதலில் டப்பாவைப் பற்றித்தான் விசாரித்தார். கொரியாவிலிருந்து வருகிறது என்றாள். தினமும் போட்டுக்கொள்ளலாமாம், வெயிலும் தாங்குமாம், போட்டிருப்பதே தெரியாதாம்.

"தெரியாததை எதுக்கும்மா காசு குடுத்துப் போடணும்?"

"தெரியக் கூடாதுன்னுதான் மாமா," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இது என்ன பதில்? கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிறவன் பிழைத்துக்கொள்வான் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அவர் அடித்த பெயின்டில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் கூலி வாங்கியிருக்க முடியுமா?

போகட்டும், அவள் முகம், அவள் பாடு. ஆனால் சுவரை அவரால் மன்னிக்க முடியவில்லை. கறையைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே மேலே அடித்திருந்தது. பிரஷ் தடம் மாடு கன்றை நக்கின மாதிரி. ஓரத்தில் நேர்கோடு இழுக்கவில்லை. அதைவிடப் பெரிய வலி, வீட்டிலேயே ஒரு பெயின்டர் இருக்க வெளியாளைக் கூப்பிட்டது. யார் அடித்தது என்று கேட்டார்.

"ஆள் வெச்சு அடிச்சோம் மாமா," என்றாள் மருமகள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. மகனுக்குப் புரையேறியது.

"எந்த ஆளு?"

"ஏன் மாமா, நல்லா இல்லையா?"

"வெள்ளை டப்பாவை ஒரு பூனை தட்டிவிட்டு அதுமேல நடந்துபோயிருந்தாகூட இதைவிடத் திருத்தமா இருந்திருக்கும்."

மருமகள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் கொஞ்சம் சத்தமாகவே போட்டுவிட்டு அறைக்குள் போனாள். அவள் பார்த்துப் பிடித்த ஆளைக் குறை சொன்னதில் கோபம்போல என்று மேஸ்திரி கணக்குப் போட்டார். ஒருவேளை கமிஷன் ஏதாவது இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.

அதற்கு மறுநாளோ என்னவோ, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள். "அந்த ஏணியில நாலாவது படி ஆடுது மாமா. தொடாதீங்க."

ஏணிப் பக்கமே போகாதவளுக்கு நாலாவது படி ஆடுவது எப்படித் தெரிந்தது? மேஸ்திரி ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஆடவாவது, அசையவாவது. எடைக்குப் போடுவதற்குக் காரணம் தேடுகிறாள். அவள் சொன்னாள் என்கிற ஒரே காரணத்துக்காகப் படியை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சுவர் அவரைப் பார்த்துச் சிரித்தது. இன்று மத்தியானம் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் எழுந்தார். மீதி வெள்ளையைக் கலக்கினார். ஏணியை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் கால் வைத்தார். படி அவரைக் கேட்காமல் திரும்பிக்கொண்டது. அடுத்து அவருக்குத் தெரிந்தது, கன்னத்துக்குக் கீழே இருந்த அலமாரிப் பலகையின் விளிம்பு. தரையில் உட்கார்ந்து பார்த்தார். கையில் டப்பா நேராகவே இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தொழில் மறக்கவில்லை. சுவரில்தான் ஒரு இழுப்புகூட இழுத்தபாடில்லை.

ஏணியை மடக்கி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். கன்னம் வீங்கவில்லை, நிறம்தான் ஏறிக்கொண்டே வந்தது. போட்டிருப்பதே தெரியாத அந்தச் சரக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

டப்பாவுக்குள் பவுடர் இருக்கும் என்று நினைத்தவருக்கு ஏமாற்றம். மெத்தைமாதிரி ஒரு ஈரப் பஞ்சு. ரோலரைத் தோய்த்துவைத்த தட்டுதான், சின்னதாக. மேலே ஒற்றி எடுக்க இன்னொரு பஞ்சு. அடியில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுதி, இருபத்தொன்று என்று ஒரு நம்பர். நம்பர் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. ஷேடு நம்பர் போடுகிறவன் தொழில் தெரிந்தவன்.

தொழில் தெரிந்தவர் கையால் அடிக்க வேண்டாமா? சுவரைத் தேய்க்காமல் பெயின்ட் தொடக் கூடாது. முதலில் முகச்சவரம் செய்தார். பிறகு கன்றின இடத்தில் மட்டும் ஒரு கோட். மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து காயவிட்டார். பிறகு இரண்டாவது கோட். கறை மறைந்துவிட்டது. ஆனால் மருமகளுக்குப் பொருந்துகிற இருபத்தொன்று அவருக்குப் பொருந்துமா? வெயிலில் வெந்த முகத்தின் நடுவே, பழைய சுவரில் புது சிமென்ட் பூசின மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியத்தான் செய்யும். முழுச் சுவரையும் அடித்துவிட வேண்டியதுதான். நெற்றி, மூக்கு, வலது கன்னம், தாடை எல்லாவற்றுக்கும் இரண்டு கோட். தள்ளி நின்று ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தார். கழுத்துக்கு மேலே வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான். கழுத்துக்கும் அடித்தார். காது மட்டும் தனியாகக் கறுப்பாக நின்றது. காதுக்கும் அடித்தார். அடித்துவிட்டுச் சட்டைப் பித்தானைத் தொண்டைவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கதவு திறந்தது.

மருமகள் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

"மாமா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"முகத்துல சொட்டு ரத்தம் இல்ல."

கறையைப் பார்க்கவில்லை. ஏணி பிழைத்தது. வந்த சந்தோஷத்தில் மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார், பூச்சு வெடித்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்த கணவனிடம், "உங்க அப்பாவைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்களேன்," என்றாள். அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "வெளுத்துட்டார்," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

அன்றிலிருந்து ரத்தம் ஊறுவதற்கான சிகிச்சை ஆரம்பமானது. காலையில் பீட்ரூட் சாறு, பிறகு பேரீச்சம்பழம், பிறகு கறுப்பாக ஒரு டானிக். மேஸ்திரி எல்லாவற்றையும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். சுளித்தால் கோடு விழும்.

மருமகள் வேலைக்குக் கிளம்பியதும் கழுவுவார், அவள் திரும்புவதற்குள் மறுபடி அடிப்பார். தண்ணீர் ஊற்றினால் அந்தச் சரக்கு அசையவே இல்லை, துணி சோப்புப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மழைக்கும் தாங்கும் போலிருக்கிறதே என்று அவருக்குக் கொரியாக்காரன் மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. வெளிச்சுவருக்கு அவனிடம் ஏதாவது இருக்குமா என்று விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் முழு முகத்துக்கு, கழுத்துக்கு, இரண்டு காதுக்கு, தினமும் இரண்டு கோட் என்றால் அந்தச் சின்ன டப்பா என்ன செய்யும்? ஒருநாள் காலையில் மருமகள் பஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் புலம்பினாள். வாங்கி முழுசாக இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் காய்ந்துவிட்டதாம், ஏமாற்றிவிட்டார்களாம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மேஸ்திரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மனசு கேட்கவில்லை. பெயின்ட் கெட்டியானால் தண்ணீர் விடுவதுதானே முறை? அவள் போனதும் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நிரப்பி வைத்தார். பஞ்சு மறுபடி பூரித்துவிட்டது. பரம திருப்தி. மறுநாள் அதை ஒற்றிக்கொண்டு கிளம்பிய மருமகளின் முகத்தில் சரக்கு நிற்கவில்லை, வாசலைத் தாண்டுவதற்குள் கோடு கோடாக இறங்கியது. கைக்கண்ணாடியைப் பார்த்தவள் ஏதோ திருடு போனதுபோல் பதறி, கைக்குட்டையால் கன்னத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி கவனித்தார், பூச்சுக்கு அடியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. அடிச்சுவர் சரியில்லை, இரண்டாவது கோட் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. யோசனை சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். பேசாமல் இருந்துவிட்டார்.

இதற்குள் அவருடைய கன்னம் நீலத்திலிருந்து பச்சைக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தால் போதும். ஆனால் தண்ணீர் விட்ட சரக்கில் பச்சை மறையவில்லை, வெளுப்பு மட்டும் போகவில்லை. மருமகளோ ரத்தப் பரிசோதனை என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஷேடு சேர்க்காமல் விட்டதுதான் தப்பு என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. நிறம் கலப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெயின்ட் கலக்கிற சாயம் தோலுக்கு ஆகாது என்கிற அளவுக்கு விவரமும் உண்டு. தட்டில் கொஞ்சம் பஞ்சைப் பிழிந்து, அதில் கெட்டியான காபி டிகாக்‌ஷனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தார். கையில் வைத்துப் பார்த்தார். அச்சு அசல் அவருடைய நிறம். இந்த வேலையை முதல் நாளே செய்திருந்தால் எத்தனை பீட்ரூட் மிச்சமாகியிருக்கும்! தாராளமாக அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். இதை மறந்ததற்காக எத்தனை வேலையாட்களை ஏணி மேலிருந்தே திட்டியிருப்பார்! கீழே அந்தப் பச்சை, மேலே அந்தக் காபி. மருமகள் உள்ளே வந்தபோது மேஸ்திரி நன்றாகக் காய்ந்து, பழுத்த எலுமிச்சம்பழம்போல் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, மஞ்சள் காமாலை," என்று அவள் பையைக் கீழே போட்டாள்.

போட்ட பையை எடுக்கக்கூட இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றாள். பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாமாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் படுக்கவைப்பார்கள், ஊசி போடுவார்கள், முக்கியமாக, குளிப்பாட்டுவார்கள். மேஸ்திரி மசியவில்லை. தெருமுனை டாக்டர் போதும் என்றார்.

"அங்க வேணாம் மாமா."

"ஏன்?"

"அந்த நர்ஸுக்கு வாய் சும்மா இருக்காது."

"எனக்கென்ன கல்யாணமா பேசப் போறோம்? காமாலைக்குத்தானே போறோம்?"

தெருமுனையிலேயே இருக்கிற டாக்டரை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போகச் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அங்கேயும் கமிஷனோ? இருந்த இடத்தை விட்டு எழமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டதும் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள். போகும்போது கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்தபடியே வந்தாள். பல்வலி போலிருக்கிறது என்று மேஸ்திரி நினைத்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். மேஸ்திரியின் இமையை விலக்கி விழியைப் பார்த்தார். வெள்ளை. நாக்கை நீட்டச் சொன்னார். பீட்ரூட் சிவப்பு. நகத்தை அழுத்தினார். நல்ல ரத்தம்.

"ஐயாவுக்குக் காமாலைன்னா கண்ணுலதான் முதல்ல தெரியணும். கண்ணை விட்டுட்டு முகத்துல மட்டும் வந்திருக்கே."

சொல்லிக்கொண்டே கன்னத்தில் விரலை வைத்து இழுத்தார். விரலோடு கொஞ்சம் காமாலையும் வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"காபி."

நர்ஸைக் கூப்பிட்டார். அவள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு வந்து, மேஸ்திரியின் தாடையைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு துடைத்தாள். துணி சோப்புக்கே மெதுவாக அசைந்த சரக்கு, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழேயிருந்து தாடைவரை, பலகை விளிம்பின் கோடு உட்பட, எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

மருமகள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏணி," என்றாள்.

மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். "அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு என்னால சாப்பிட முடியலைம்மா."

"சாதா சத்தியம் மாமா. சாதா சத்தியம் பண்ணீங்க. அது போதாதுன்னு என் டப்பாவை வேற எடுத்து, அதுல தண்ணிய ஊத்தி... நான் இங்க உங்களுக்கு ரத்தம் இல்லையேன்னு அழுதுக்கிட்டு இருக்கேன். விழுந்தா வீட்டுல சொல்ல மாட்டீங்களா? சின்னப் பிள்ளையா, பூசி மறைச்சு..."

அந்த இடத்தில் ஏனோ அவளுக்குப் பேச்சு தடைப்பட்டது. கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, நாளைக் காலையில் பழைய இரும்புக்காரர் வருவார் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மேஸ்திரி எண்ணெய் விட்ட கீலை நினைத்துக்கொண்டார். தராசில் வைத்துத் தூக்கும்போது அது சத்தமே போடாது.

நர்ஸ் அழுக்குப் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு, மேஸ்திரியின் கன்னத்தை ஒரு தடவை பார்த்தாள், கைக்குட்டை மூடியிருந்த கன்னத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏன்க்கா, அன்னைக்கு மாமனார் ஊர்ல இல்லாதப்ப, பாவம் அவர் ஏற வேணாம்னு நீங்களே சுவருக்கு வெள்ளை அடிக்க ஏறி விழுந்து வந்தீங்களே, அதே நாலாவது படிதானா?"